பிரெஞ்சு பேசினால் கனடாவில் குக் வேலையா?

‘பிரெஞ்சு தெரிந்தால் போதும், கனடாவில் குக் வேலை நிச்சயம்.’ கேட்டரிங் படித்தவர்கள் நடுவே சில வருடங்களாகச் சுற்றும் பேச்சு இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் ஆட்கள் லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். ஒரு கனடா ஓட்டல் முதலாளி வெளிநாட்டிலிருந்து சமையல்காரரை அழைக்க வேண்டுமானால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அரசிடம் நிரூபித்து எல்.எம்.ஐ.ஏ. என்ற அனுமதியை வாங்க வேண்டும். ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டணம், காத்திருப்பு தனி. 2024 செப்டம்பர் முதல், வேலையின்மை 6 சதவீதத்தை எட்டிய பெருநகரங்களில் குறைந்த சம்பள வேலைகளுக்கு அந்த விண்ணப்பத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதே இல்லை. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்காக 2016இல் தொடங்கிய ‘பிராங்கோஃபோன் மொபிலிட்டி’ திட்டத்தில் இந்தத் தொல்லை கிடையாது. முதலாளி இணையத்தில் வேலை விவரத்தைப் பதிந்து 230 டாலர் கட்டினால் அவர் பங்கு முடிந்தது. உங்கள் பிரெஞ்சு செய்யும் உதவி இவ்வளவுதான். அந்த முதலாளியை அது தேடித் தராது.

‘பிரெஞ்சு என்றால் கியூபெக்தானே?’ நேர் எதிர். கியூபெக்கில் இருக்கும் வேலைக்கு இந்தத் திட்டம் பொருந்தவே பொருந்தாது. கியூபெக்குக்கு வெளியே சிறுபான்மையாக இருக்கும் பிரெஞ்சு பேசுவோரின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் நோக்கம். நியூ பிரன்ஸ்விக்கின் மாங்க்டன், ஒன்டாரியோவின் சட்பரி, வினிபெக்கின் செயின்ட் போனிஃபாஸ் போன்ற இடங்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. ஆனால் அங்கேதான் போக வேண்டும் என்றும் இல்லை, வேலையில் பிரெஞ்சு பேச வேண்டும் என்றும் இல்லை. டொரொன்டோவின் ஸ்கார்பரோவில், ஆர்டரைத் தமிழில் கூவும் கொத்துரொட்டிக் கடைக்கும் இதே அனுமதியில் ஆள் எடுக்கலாம். சொன்னால் யாரும் நம்புவதில்லை, விதி அப்படித்தான் இருக்கிறது.

அடுத்தது, கேட்டரிங் கல்லூரியில் படித்த பிரெஞ்சை நம்பி இறங்குவது. ஜூலியன், புரூனுவாஸ், மீஸ் ஆன் பிளாஸ் போன்ற சமையலறைச் சொற்கள் எல்லாம் நாக்கில் இருக்கும். உங்கள் பிரெஞ்சைச் சோதிக்கும் தேர்வில் இவற்றைக் கேட்க மாட்டார்கள். டெஃப் கனடா பேச்சுத் தேர்வில் ஒரு விளம்பரத்தைக் கையில் கொடுத்து, தொலைபேசியில் கேட்பதுபோல் அதைப் பற்றி விசாரிக்கச் சொல்வார்கள். அடுத்து, தயங்கும் நண்பனைப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். 2023 ஜூன் 15 முதல் இந்த அனுமதிக்குக் கேட்டலிலும் பேசுவதிலும் கனடாவின் மொழி அளவுகோலில் 5ஆம் நிலை போதும். அதற்கு முன் 7 கேட்டார்கள். 5 என்பது ஏறக்குறைய பி1. சும்மா வராது. ஆனால் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்தால் எட்டக்கூடியதுதான். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இந்த இடத்துக்கு உதவாது. புதுச்சேரி முகவரியும் உதவாது, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருந்தாலும்!

நம்மவர்கள் அதிகம் சறுக்கக்கூடிய இடம் மொழி அல்ல, காகிதம். இருபது வருடம் கல்லில் நின்ற பரோட்டா மாஸ்டரிடம் நியமனக் கடிதம் இருக்காது. சம்பளம் கையில் வந்திருக்கும், பி.எஃப். பிடித்தமே இருந்திருக்காது. விசா அதிகாரி அவர் பரோட்டாவைச் சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யப் போவதில்லை. என்னென்ன சமைத்தார், எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம் என்று எழுதிய கடிதமும், அதற்குப் பொருந்தும் வங்கிக் கணக்கும்தான் பேசும். பிரெஞ்சு வகுப்பில் சேரும் அன்றே இதையும் சேர்க்கத் தொடங்குவது நல்லது.

‘ஜாப் ஆஃபருக்குப் பதினைந்து லட்சம்.’ இப்படி யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆளெடுக்கும் செலவையோ அந்த 230 டாலரையோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கனடா விதியில் இடமில்லை. இந்தியாவிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே.

கூட வரும் மனைவியோ கணவரோ அங்கே வேலை பார்க்கலாம் என்பது பழைய கதை. 2025 ஜனவரி 21 முதல் வாழ்க்கைத்துணைக்கான திறந்த வேலை அனுமதியை இறுக்கிவிட்டார்கள். தகுதியுள்ள தொழில்களின் பட்டியலில் சமையல் இல்லை.

இந்த அனுமதி நிரந்தர வசிப்புரிமையும் அல்ல. பெர்மிட்டில் பெயர் உள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். நிரந்தர வசிப்புக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற மதிப்பெண் முறையில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்று வைக்கிறார்கள். 2025 மார்ச்சில் அதன் வெட்டுப்புள்ளி 379 வரை இறங்கியது. அதில் நுழையக் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் 7ஆம் நிலை வேண்டும். தேர்வு முடிவு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். ஆகவே, 5 வாங்கிப் போய்ச் சேர்ந்தவர் அங்கே அடுப்படி ஷிஃப்ட் முடிந்தபின் மறுபடி இலக்கணப் புத்தகத்தை எடுக்க வேண்டியிருக்கும்.