அருவாப் பாட்டும் நம் வீட்டுப் பிள்ளையும்

போன வாரம் குயிலாப்பாளையம் கடைத்தெருவில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். மகன் ஒன்பதாவது படிக்கிறான். "அண்ணா, எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டு வெட்டு, குத்து, ரத்தம்னே பாட்டு கேக்குறான். இவனும் அப்படி ஆயிடுவானோன்னு ராத்திரி தூக்கமே வரல" என்றார். பேசி முடிப்பதற்குள் கையிலிருந்த பால் பாக்கெட்டை இரண்டு மூன்று தரம் மாற்றி மாற்றிப் பிடித்தார். அந்தப் பயத்தைச் சும்மா என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஊரில் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: ரத்தப் பாட்டு இந்தக் காலத்துக் கேடு.

கலிங்கத்துப்பரணியைப் புரட்டினால் போதும். குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டார், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைத்துக் குடிப்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறார். அந்த நூலிலிருந்து சில பாடல்கள் பள்ளிப் பாடநூலிலும் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன்? நம் விழுப்புரம் சீமையில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்காத பக்கம் ஏது? விடிய விடிய பதினெட்டாம் போர்க் கூத்து. பொழுது விடிந்தால் படுகளம். மண்ணால் பரப்பிய துரியோதனன் மைதானம் நிறைய மல்லாந்து கிடப்பான். பீமன் வேடக்காரர் அவன் தொடையைப் பிளந்ததும் சிவப்புக் கரைசல் தெறிக்கும், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். பாட்டி மடியிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளையும் கண்கொட்டாமல் பார்க்கும். சாயங்காலம் எல்லாரும் தீமிதிக்குப் போவோம். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவன்தான்.

நம்பிக்கை: வெட்டுப் பாட்டு கேட்கிற பையன் கத்தி எடுப்பான்.

பாட்டு மனசைத் தொடவே தொடாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். 2003இல் அமெரிக்காவில் கிரெய்க் ஆண்டர்சன் குழுவினர் 500க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வைத்து ஐந்து சோதனைகள் நடத்தினார்கள். வன்முறை வரிகள் கொண்ட பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்த நேரத்தில் பகை எண்ணமும் கடுகடுப்பும் கூடியிருந்தன. ஆனால் அளந்தது எண்ணத்தைத்தான், அடிதடியை அல்ல. அந்த விளைவு சீக்கிரமே கரைந்துவிடக்கூடும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வேறு விதமாகச் சோதித்தார்கள். காட்டுக்கத்தலான மெட்டல் இசையில் ஊறிய 39 பேருக்கு முதலில் கோபம் வரவழைத்து, பிறகு சிலரைப் பத்து நிமிடம் அவரவர் பாட்டைக் கேட்கவிட்டார்கள், மற்றவர்களைச் சும்மா உட்காரவைத்தார்கள். பாட்டு கேட்டவர்களின் கோபம் அதற்கு மேல் ஏறவில்லை. கேட்டு முடித்ததும் உற்சாகம் வந்தது என்றார்கள். 2019இல் மக்குவாரி பல்கலைக்கழகம் டெத் மெட்டல் ரசிகர்களைச் சோதித்தது. வருடக்கணக்காகக் கேட்டும் அவர்கள் மனம் மரத்துப்போகவில்லை. வன்முறைப் படத்தைக் கண்டால் மற்றவர்களைப் போலவே அவர்கள் மூளையும் துணுக்குற்றது.

அந்த அம்மாவின் மகனையும் பார்த்தேன். இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினான். அடி தூள் கிளப்பியது, அவன் கட்டைவிரல் செருப்பைத் தட்டிக்கொண்டே இருந்தது. என்ன வரி தம்பி என்று கேட்டேன். "வரிய யாரு அண்ணா கேட்டா? பீட்டு!" என்றான்.

நம்பிக்கை: வெறும் பாட்டுதானே, விடுங்கள்.

எனக்குப் பயம் இங்கேதான். காதுக்குள் ஒலிக்கிற பாட்டு ஒரு ரகம், அடுத்தவர் வாசலைப் பார்த்து ஒலிக்கிற பாட்டு வேறு ரகம்.

1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தின் முடிவில் நாயகன் அருவாளைப் போடச் சொல்லி, பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போகிறான். வன்முறைக்கு எதிராகப் பேசிய படம். ஆனால் அதன் 'போற்றிப் பாடடி பெண்ணே' பாட்டு திரையை விட்டு இறங்கி, தென்மாவட்டங்களில் சாதிப் பெருமைப் பாட்டாக ஒலிபெருக்கி ஏறியது. எழுதியவர் வாலி, இசை இளையராஜா. அவர்கள் நினைத்தது ஒன்று, தெருவில் அது செய்தது வேறொன்று. 2023இல் 'மாமன்னன்' இசை வெளியீட்டு மேடையில், 'தேவர் மகன்' நாயகன் கமல்ஹாசன் முன்னிலையிலேயே, அந்தப் படம் தனக்குத் தந்த வலியை 'மாமன்னன்' இயக்குநர் மாரி செல்வராஜ் சொன்னார். அந்தப் பாட்டில் வெட்டும் குத்தும் தேடினால் கிடைக்காது. வரியை மட்டும் படித்துத் தடை போடுகிறவர் கையில் அது சிக்கவே சிக்காது.

அதே 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதிப் பகையில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அது தந்த அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டுகிற வண்ணக் கயிற்றைக் கழற்றச் சொன்னது. கயிறு யாரையும் வெட்டாது. ஆனால் நான் யார், நீ யார் என்று வகுப்பறைக்குள் கூவிக்கொண்டே இருக்கும். சாதிப் பாட்டும் அந்தக் கயிறுதான், சத்தம் போடுகிற கயிறு. கோயில் திருவிழாவில் ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டுப் போகிறவர்களுக்கு உயர் நீதிமன்றம் வழக்கமாக விதிக்கும் நிபந்தனைகளில், எந்தச் சாதியையும் கட்சியையும் பற்றிய பாட்டு கூடாது என்பதும் ஒன்று.

2013 ஏப்ரல் 25. மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு மாநாட்டுக்கு வண்டிகள் போன நாள். மரக்காணத்தில் சாதி மோதலில் வீடுகள் எரிந்ததை இந்த உப்பளக் கரையில் யார் மறந்தார்கள்? அதைப் பாட்டு மூட்டியது என்று நான் சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். சாதிப் பகை பாட்டுக்கு முந்தியது, நிலத்திலும் கல்யாணத்திலும் வேர் விட்டது. ஆனால் அப்படி ஒரு நாள் நடந்த ஊரில், எந்த முக்கில் எந்தப் பாட்டு என்பது சின்ன விஷயம் இல்லை.

பாட்டையும் ஒலிபெருக்கியையும் பிரித்துப் பார்த்த ஒரு தீர்ப்பு உண்டு. ருவாண்டாவின் பாடகர் சைமன் பிகிண்டியை 2008இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. 1994 இனப்படுகொலைப் பிரசாரத்தில் அவருடைய பாட்டுகள் பயன்பட்டன என்று நீதிபதிகள் கண்டார்கள். ஆனாலும் 15 ஆண்டு தண்டனை பாட்டுக்காக இல்லை, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் போய், கொல்லச் சொல்லித் தூண்டியதற்காக. ஒலிபெருக்கி யாரைப் பார்த்துத் திரும்பியிருந்தது என்பதைத்தான் அவர்கள் எடைபோட்டார்கள்.

நாமோ 'லியோ' படத்தின் 'நா ரெடி' மாதிரிப் பாட்டுகள் மீது புகார் எழுதுகிறோம். எழுதலாம், தப்பில்லை. அதற்குள் ஒலிபெருக்கி கட்டிய திருவிழா டிராக்டர் நம் கண்ணெதிரே தெரு திரும்பிப் போய்விடுகிறது.

சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்கு ரேடியோ செட்டு போடுகிற அண்ணன் ஒருவரிடம் இதைப் பேசினேன். ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பசங்க பென்டிரைவ் குடுப்பாங்க. நான் சொருகவே மாட்டேன், வைரஸ் இருக்குதுன்னு சொல்லிடுவேன். அந்த முக்கு தாண்டுற வரைக்கும் எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டுதான். தாண்டினப்புறம் ஆடிக்கோங்கடான்னு அவனுங்க கேக்குற குத்துப் பாட்டைப் போட்டுடுவேன்."