முதலுதவிப் பெட்டியில் இரண்டு நாப்கின்

அன்புத் தங்கைக்கு,

சாரணியர் முகாமில் வளரிளம்பருவ உடல்நலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய்.

என் முதல் முகாமில் அறுபது பிள்ளைகளை ஹாலில் உட்காரவைத்து, கருப்பைப் படம் போட்ட சார்ட்டை மாட்டி ஒரு மணி நேரம் பேசினேன். "சந்தேகம் இருக்கா?" என்றதும் எல்லாத் தலைகளும் குனிந்துகொண்டன. அன்று ராத்திரி என்னோடு பாத்திரம் தேய்த்த எட்டாம் வகுப்புப் பெண், குண்டானிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "மிஸ், எனக்கு இன்னும் வரலை. ஏதாவது கோளாறா?" இல்லம்மா, பதினைந்து வயது முடிந்தும் வராவிட்டால்தான் டாக்டரிடம் போகணும் என்றேன். கையில் வேலை இருந்ததால் அவளால் கேட்க முடிந்தது. ஹாலில் அதற்கு வழியே இல்லை.

அதனால் அணியாக உட்காரவை. 1907இல் பிரௌன்சீ தீவில் நடந்த முதல் சாரணர் முகாமிலேயே, இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிள்ளைகளை நான்கு அணிகளாகப் பிரித்தார். ஆறேழு பேர் சேர்ந்து முடிச்சுப் போடும்போது வருகிற பேச்சு, மைக் முன்னால் வராது. கேள்விப்பெட்டி வைத்தால் எல்லோரையும் எழுதச் சொல். கேள்வி இல்லாதவள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று எழுதட்டும். அப்போதுதான் யார் கேட்டது என்று தெரியாது.

அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் வரும் நாப்கினைக்கூடப் பெண்பிள்ளைகள் செய்தித்தாளில் சுற்றித்தான் வாங்கிப் போகிறார்கள். நீ ஒவ்வோர் அணியின் முதலுதவிப் பெட்டியிலும் பஞ்சுக்கும் பேண்டேஜுக்கும் பக்கத்தில் இரண்டு நாப்கினை வெளிப்படையாக வை. சாரணர் பையன்களின் பெட்டியிலும்தான். "தீட்டு" என்று யாராவது சொன்னால் அதட்டாதே. வீட்டில் கேட்ட சொல் அது. நீ "மாதவிடாய்" என்றே சொல்லிக்கொண்டிரு, இரண்டாம் நாளில் அவர்களும் சொல்வார்கள்.

பையன்களை விட்டுவிடாதே. தூக்கத்தில் விந்து வெளியேறுவதை நோய் என்று நம்பி, டிவியில் மிரட்டும் வைத்தியர்களுக்குப் பயந்து, எத்தனையோ பிள்ளைகள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். அது இயல்பு, உடம்பு கெடாது என்று சாரண ஆசிரியர் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

ஒரு வாக்குறுதி மட்டும் யாருக்கும் கொடுக்காதே: "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." யாரோ தன்னைத் தப்பாகத் தொட்டதாக ஒரு பிள்ளை சொன்னால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி நீ புகார் கொடுத்தே ஆகவேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் பண்ணவை. முதல் நாளே இப்படிச் சொல்லிவிடு: "உங்களைக் காப்பாத்த வேற ஒருத்தர்கிட்ட சொல்லணும்னா, யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

அன்புடன்,
அக்கா