பிரிண்டரில் பிறக்கும் படகு: பிளாஸ்டிக் ஷீட்டில் ஸ்கேல் மாடல்

புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றை அப்படியே சுருக்கி உங்கள் மானிட்டர் பக்கத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? இதற்குக் கடையில் கிட் எதுவும் கிடைக்காது. ஒரு டேப், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கொஞ்சம் பிளாஸ்டிக் ஷீட் இருந்தால் நாமே செய்யலாம்.

கட்டுமரத்தையே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். ஆங்கிலத்துக்கு 'கேடமரான்' என்ற சொல்லைக் கொடுத்ததே அதுதான். ஆனால் அது உருண்ட மரங்களைக் கயிற்றால் கட்டிய தெப்பம். தட்டையான ஷீட்டில் அது சரியாக வராது, மரத்தில் செய்வதே அழகு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் நிவாரணமாக நிறைய ஃபைபர் படகுகள் வந்தன. முதல் முயற்சிக்கு அதுவே ஏற்றது.

முதலில் அளவு. படகுக்காரரிடம் "அண்ணே, அளந்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். செருப்போடு படகில் ஏற வேண்டாம். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக் கூட்டத்தில் டேப் பிடிக்க முடியாது, வேறு நாள் பாருங்கள். மொத்த நீளம், பிறகு முனையிலிருந்து 4 அடிக்கு ஒரு இடத்தில் அகலம், உயரம், அடிப்பகுதியின் வளைவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு போட்டோவும் எடுங்கள். அருகில் நின்று எடுத்தால் முனை பெருத்துத் தெரியும். தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

ஸ்கேல் 1:48 என்று வைத்துக்கொள்வோம். இதில் ஒரு வசதி உண்டு: நிஜத்தில் ஒரு அடி, மாடலில் கால் அங்குலம். 28 அடிப் படகு சரியாக 7 அங்குலம் ஆகிவிடும். மில்லிமீட்டரில் வேண்டுமென்றால் எக்ஸெலில் அடிக் கணக்கை 304.8 ஆல் பெருக்கி 48 ஆல் வகுக்கும் ஃபார்முலா போடுங்கள். 28 அடிக்கு 177.8 மி.மீ. வரும்.

போட்டோவை இங்க்ஸ்கேப்பில் இறக்கி, படகு 177.8 மி.மீ. நீளம் வரும்படி மாற்றி, அதன் மேல் கோடு வரையுங்கள். நடுவில் ஒரு முதுகெலும்பு, குறுக்கே 6 விலா எலும்புகள். இவற்றுக்கு 1 மி.மீ. ஷீட். மேல் தோலுக்கு 0.5 மி.மீ. ஷீட். விலா எலும்பு வரையும்போது தோலின் தடிமனை இரு பக்கமும் அரை மி.மீ. கழித்துவிடுங்கள். இல்லையென்றால் படகு கொழுத்துவிடும். முதுகெலும்பிலும் விலாவிலும் பாதிப் பாதி ஆழத்துக்கு 1 மி.மீ. அகல வெட்டு கொடுத்தால் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்.

இனிதான் முக்கியம். பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் அதை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள். நான் முதுகெலும்பை ஒரு நாளும் விலா எலும்புகளை மறுநாளும் பிரிண்ட் எடுத்தேன். இரண்டாவது நாள் அந்த டிக் இருந்ததைக் கவனிக்கவில்லை. எல்லாம் 97 சதவீதமாகச் சுருங்கி, இரண்டு மாலை வெட்டிய துண்டுகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் 10 செ.மீ. கோடு ஒன்று வரைந்து, பிரிண்ட் வந்ததும் ஸ்கேலை வைத்துப் பார்த்த பிறகே கத்தியை எடுக்கிறேன்.

வாங்க வேண்டியது ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன் ஷீட். சன்போர்டு பி.வி.சி. நுரை. அது கட்டடத்துக்குச் சரி, மெல்லிய வளைவுக்கு உதவாது. பிரிண்ட் தாளைக் குளூ ஸ்டிக்கால் ஒட்டி, ஷீட்டை முழுதும் அறுக்காமல் கட்டரால் இரண்டு முறை கீறி, வளைத்தால் 'டக்' என்று உடையும். வளைவான இடங்களில் மட்டும் பொறுமையாகக் கீறிக்கொண்டே போக வேண்டும்.

ஒட்டுவதற்கு மாடல் கடையில் விற்கும் திரவ பிளாஸ்டிக் சிமென்ட். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பில் பிரஷால் தொட்டால் திரவம் தானே உள்ளே ஓடும். அது பசை அல்ல, பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குகிறது. தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான் என்பதால் அதன் மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், குழி விழுந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் விளக்கோ ஊதுபத்தியோ கூடாது, பிள்ளைகளைத் தனியே விடவும் கூடாது.

தோல் போடும்போது ஒரு சிக்கல். ஷீட் ஒரு திசையில் அழகாக வளையும், ஒரே நேரத்தில் இரு திசையில் வளையாது. எனவே முனைப் பகுதிக்கு 5 மி.மீ. பட்டைகளாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். இடுக்குகளைப் புட்டியால் நிரப்பி 400 நம்பர் உப்புத்தாளால் நீரில் நனைத்துத் தேயுங்கள்.

0.5 மி.மீ. தோல் நிஜத்தில் 24 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு அங்குலம்! எனவே மேல் விளிம்பை மட்டும் உள்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்குங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன் போட்டோவை மறுபடி திறந்து, அந்தப் படகின் பெயரும் பட்டையும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாடலைக் கொண்டுபோய்க் காட்டும்போது படகுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.