பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு: விளையாட்டுத் தரும் பாடம்

பள்ளி ஆண்டு விழாவில் முதல் மூன்று மாணவருக்குப் பரிசு வழங்குவது நெடுநாள் வழக்கம். அது நன்றே. ஆயினும் ஏனைய பிள்ளைகளின் நிலை யாது? எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தை, அம்மேடை தனக்கு எட்டாதென முன்னரே முடிவு செய்துவிடுகிறது. ஊக்கம் இழந்த குழந்தை நாளடைவில் பள்ளியையே விட்டு விலகுதலும் உண்டு.

அதே குழந்தை கைப்பேசியில் வீடியோ விளையாட்டை மணிக்கணக்கில் ஆடுகிறது. இதற்குக் காரணங்கள் மூன்று. விளையாட்டு சிறு சிறு கட்டங்களாக அமைந்துள்ளது. வெற்றியும் தோல்வியும் உடனே தெரிகின்றன. தோற்றவர் இகழ்ச்சியின்றி மீண்டும் ஆடலாம். இம்மூன்றையும் பாடத்திற்குக் கொணர்தல் இயலும்.

இது நம் மாநிலத்திற்குப் புதிதன்று. ஆந்திரத்து ரிஷிவேலி முறையைத் தழுவி, 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலமெங்கும் பரவியது. பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிபோல் வரிசைப்படுத்தப்பட்டன. பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே கண்டு, அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகள் வகுக்கப்பட்டன.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்க அறிஞர்களான லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விருப்பத்தோடு படம் வரைந்து வந்த குழந்தைகளில் ஒரு சாராருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டென முன்கூட்டியே கூறினர். அவர்கள் பின்னர் தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவருக்கு அவ்வாறு நேரவில்லை. ஆகவே பரிசு கூலியாகிவிடலாகாது; அடைந்த முன்னேற்றத்தின் அடையாளமாக அமைதல் வேண்டும்.

பரிசு விலையுயர்ந்ததாக இருத்தலும் வேண்டா. திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு, தொண்டைமான் அரசின் சிறு செப்பு நாணயமே. எனினும் அதனாலேயே அன்னை அரைக்காசு அம்மன் எனப் புகழ்பெற்றாள். மேலும், 1991-இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றனர். கற்ற திறமையே அவர்களுக்குப் பரிசாயிற்று.

பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. அங்கு ஆசிரியரோடு கலந்து பின்வருவனவற்றைச் செய்யலாம்:

1. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனி ஏணி அட்டை வைத்து, கற்ற படிகளைக் குறித்தல். அதைச் சுவரில் ஒட்டி ஒருவரோடொருவரை ஒப்பிடுதல் கூடாது.

2. நேற்றைய நிலையினின்று முன்னேறிய பிள்ளைகளை ஆண்டு விழாவில் பெயர் சொல்லிப் பாராட்டுதல்.

3. வகுப்பு முழுமைக்கும் பொதுப் பரிசாக, 1910-இல் நிறுவப்பட்ட திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுதல்.

பெற்றோரும் "எத்தனை மதிப்பெண்?" எனக் கேட்பதற்கு மாறாக, "இன்று புதிதாக என்ன கற்றாய்?" என வினவுவாராக. கடைசி வரிசைப் பிள்ளையும் ஒரு படி ஏறினால், அதுவே ஊரின் முன்னேற்றமாகும்.