மறுசீரமைப்புக்கு முன் ஒரு வரவு செலவுக் கணக்கு

வருமானம் குறைந்து தவணை செலுத்த இயலாதபோது, கடன் மறுசீரமைப்புக்கு வங்கியில் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் குடும்பத்தின் வரவு செலவை முழுமையாக எழுதிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு குடும்பத்தின் மாத வருமானம் ரூ.42,000 எனக் கொள்வோம். வாடகை, உணவு, மின்கட்டணம், மருந்து ஆகியவற்றுக்கு ரூ.24,000, கடன் தவணை ரூ.21,000. பற்றாக்குறை ரூ.3,000. ஆகவே தவணை ரூ.18,000 ஆகக் குறைந்தால் போதும் எனத் தோன்றும்.

ஆனால், பள்ளிக் கட்டணம் ரூ.36,000, காப்பீட்டுப் பிரீமியம் ரூ.12,000 ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறை வருபவை. மாதக் கணக்கில் தென்படாதவை. அவற்றைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ரூ.4,000 ஆகும். எனவே இக்குடும்பத்தால் தாங்கக்கூடிய தவணை ரூ.14,000 மட்டுமே. ரூ.18,000 என ஒப்புக்கொண்டால், பள்ளி திறக்கும் மாதத்திலேயே தவணை மீண்டும் தவறும்.

தவணை குறையக் கடன் காலம் நீளும். மொத்த வட்டி கூடும். மறுசீரமைப்பு, கடன் தகவல் அறிக்கையிலும் பதிவாகும். எனினும், நிலுவை 90 நாள்களைக் கடந்தால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதற்கு முன்னரே, மெய்யான கணக்குடன் தங்கள் கிளையை அணுகுவதே நலம்.