காண்ட்ராஸ்ட் மருந்தின் செலவு: இளம் கதிரியக்க மருத்துவருக்கு ஒரு கடிதம்

சிடி, எம்ஆர்ஐ கட்டணத்துக்கு மேல் காண்ட்ராஸ்ட் மருந்துக்கெனத் தனியாக ஒரு தொகை சேர்வது தமிழ்நாட்டு ஸ்கேன் மையங்களில் வழக்கம். ‘மருந்து போட்டு எடுக்கிற ஸ்கேன்’ என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். அந்தத் தொகைக்குள் மருந்தின் விலை மட்டும் இல்லை. இன்ஜெக்டரின் சிரிஞ்சும் குழாயும், கேனுலா, முன்கூட்டிப் பார்க்கும் கிரியேட்டினின், ஒவ்வாமை வந்தால் கவனிக்க உடனிருக்கும் மருத்துவரும் செவிலியரும் எல்லாம் அதில் அடக்கம். பாட்டிலில் அச்சிட்ட விலையைப் புதிதாகப் பணிக்கு வந்த மருத்துவரால் மாற்ற முடியாது. ஆனால் மருந்து தேவையா, எந்த மருந்து, எவ்வளவு என்பவை அவர் எடுக்கும் முடிவுகள். நோயாளியின் செலவு பெரும்பாலும் அந்த முடிவுகளில்தான் ஏறி இறங்குகிறது.

முதல் கேள்வி, மருந்து தேவையா என்பது. சிறுநீரகக் கல்லுக்கும், பக்கவாதத்தில் மூளைக்குள் ரத்தக்கசிவு உண்டா என்று பார்க்கும் முதல் சிடிக்கும், முதுகுத் தட்டு விலகலுக்கான எம்ஆர்ஐக்கும் பிளைன் ஸ்கேன் பொதுவாகப் போதும். கல்லீரல் கட்டி, சீழ்க்கட்டி, நுரையீரல் தமனி அடைப்பு, மூளைக்கட்டி ஆகியவற்றுக்கு மருந்து வேண்டும். பரிந்துரைச் சீட்டில் ‘வயிறு சிடி’ என்று மட்டும் இருந்தால், எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து என்ன சந்தேகம் என்று கேட்பது நல்லது. தேவையில்லாமல் மருந்து ஏற்றினால் ஒரு செலவு. தேவையான இடத்தில் காசு மிச்சம் என்று விட்டுவிட்டால், அடுத்த வாரம் அதே நோயாளி இரண்டாவது ஸ்கேனுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது, எந்த மருந்து என்பது. ரத்தநாளத்தில் ஏற்றும் அயோடின் மருந்துகளில் பழைய அயனி வகை விலை குறைந்தது. அயனியற்ற வகை வந்தபோது அதன் விலை பல மடங்கு அதிகம். இருந்தும் உலகம் அதற்கு மாறியதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் 3,37,647 பரிசோதனைகளை ஆராய்ந்து கத்தயாமா குழு 1990-ல் வெளியிட்ட முடிவின்படி, அயனி வகையில் 12.66 சதவீதத்தினருக்குப் பக்கவிளைவு வந்தது. அயனியற்ற வகையில் 3.13 சதவீதம். கடுமையான விளைவுகள் 0.22 சதவீதத்திலிருந்து 0.04 சதவீதமாகக் குறைந்தன. ஆகவே விலையைக் காரணம் காட்டிப் பழைய வகைக்குத் திரும்புவது சிக்கனம் ஆகாது.

அளவில்தான் அன்றாடம் கவனிக்கக்கூடிய மிச்சம் இருக்கிறது. வயிற்று சிடிக்குக் கிலோவுக்கு 1.5 மில்லி, 300 செறிவு (மில்லிக்கு 300 மில்லிகிராம் அயோடின்) என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ நோயாளிக்கு 90 மில்லி. 100 மில்லி பாட்டில் சரியாக இருக்கும். 40 கிலோ எடையுள்ள மெலிந்த மூதாட்டிக்கு வேண்டியது 60 மில்லி, அதாவது 18 கிராம் அயோடின். 350 செறிவில் ஒரு 50 மில்லி பாட்டிலில் 17.5 கிராம் இருக்கிறது; ஏறக்குறைய அதுவே போதும். எடையைக் கேட்காமல் எல்லோருக்கும் 100 மில்லியை உடைக்கும் மையத்தில், அந்த மூதாட்டி தன் உடம்பில் ஏறாத மருந்துக்கும் பணம் கட்டுகிறார். ஒருவருக்கென உடைத்த பாட்டிலின் மிச்சத்தை அடுத்தவருக்கு ஏற்றுவது தொற்றுக்கு வழி. இருவரிடமும் முழு பாட்டிலின் விலையை வாங்கினால் அது அநியாயமும்கூட.

எம்ஆர்ஐயில் கடோலினியம் மருந்துகளை மில்லி விலையை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தவறும். கேடோடெரேட் கிலோவுக்கு 0.2 மில்லி, இரு மடங்கு செறிவுள்ள கேடோபியூட்ரால் 0.1 மில்லி. 60 கிலோவுக்கு முதலாவது 12 மில்லி, இரண்டாவது 6 மில்லி. 12 மில்லிக்கு இரண்டு 10 மில்லி குப்பிகளை உடைப்பதா, ஒரு 15 மில்லி குப்பியை எடுப்பதா என்பதிலும் செலவு மாறும். எந்த அளவுக் குப்பிகளை வாங்கி வைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்யும்போது மருத்துவர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

விலைக்குச் சட்டமும் உண்டு. 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, அச்சிட்ட விலைக்கு மேல் எந்த மருந்தையும் விற்கக் கூடாது. உச்சவரம்பு விலை இல்லாத மருந்துகளின் அச்சிட்ட விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தவும் கூடாது. ஆனால் அச்சிட்ட விலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கலாம். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018-ல் தில்லிப் பகுதித் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை ஆராய்ந்தபோது, ஊசிக்குழாயில் மாட்டும் மும்முனைத் திருகு போன்ற சாதாரணப் பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. மருந்தைப் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்தாலும், குழாயிலும் சிரிஞ்சிலும் அந்தப் பணம் போய்விடலாம்.

எல்லோருக்கும் கிரியேட்டினின் கேட்பதையும் யோசிக்க வேண்டும். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியும் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் 2020-ல் சேர்ந்து வெளியிட்ட கருத்தின்படி, அயோடின் மருந்தால் சிறுநீரகம் கெடும் ஆபத்து முன்பு நினைத்ததைவிடக் குறைவு. முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள், கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறனான இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ் உள்ளவர்களும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும். சிறுநீரக நோய் வரலாறே இல்லாத இளைஞரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிப் பாதிநாள் காக்கவைப்பதால் பயன் குறைவு.

தொகையை எப்போது சொல்வது என்பதும் மருத்துவரின் பொறுப்பு. பிளைன் ஸ்கேனுக்கு மட்டும் பணம் எடுத்துக்கொண்டு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் மேசையில் படுத்த பிறகு ‘மருந்து போட வேண்டும், பணம் கட்டுங்கள்’ என்றால், வெளியே நிற்கும் மகன் கடனுக்கு யாரை அழைப்பது என்று தவிப்பார். தேவைப்படக்கூடிய முழுத் தொகையைப் பதிவு செய்யும்போதே எழுதித் தர வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் குறைவு என்பதையும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

கடைசியாக ரசீது. ‘காண்ட்ராஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு தொகை போதாது. மருந்தின் பெயர், செறிவு, ஏற்றிய மில்லி, பேட்ச் எண், அச்சிட்ட விலை ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். பணம் கட்டியவருக்கு அது கணக்கு. அன்று தோலில் தடிப்பு வந்திருந்தால், அடுத்த முறை வேறோர் ஊரில் அவருக்கு ஸ்கேன் எடுக்கும் மருத்துவர் எந்த மருந்தைத் தவிர்ப்பது என்று அறிந்துகொள்வதும் அதே ரசீதிலிருந்துதான்.