கப்பல் ஏறுமுன் பெயரைப் பாருங்கள்

விற்பனை இலக்கை எட்டிய டீலர்மாரைக் கம்பனிகள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அனுப்புவதுண்டு. அது சிங்கப்பூரில் ஏறும் உல்லாசக் கப்பல் என்றால், நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயரைத்தான் என்பேன். ஒருவருக்கே பிறப்புப் பத்திரத்தில் ‘மொஹமட்’, அடையாள அட்டையில் ‘முஹம்மத்’, வியாபாரப் பதிவில் வெறும் ‘எம்.’ என்று இருக்கும். கம்பனியோ தன் பேரேட்டில் உள்ள பெயரைப் பயண முகவருக்கு அனுப்பிவிடும். கப்பல் டிக்கட்டும் விமான டிக்கட்டும் கடவுச்சீட்டிலுள்ள ஆங்கில எழுத்துக்களோடு ஒத்திருக்க வேண்டும். ஆகவே கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தைப் பிரதியெடுத்து நீங்களே கொடுத்துவிடுங்கள்.

பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். கடைசி நேரத்தில் பத்தரமுல்லைக்கு ஓடலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுத் தட்டுப்பாட்டால் அங்கே மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றார்கள்.

சிங்கப்பூருக்கு நமக்கு முன்கூட்டிய வீசா தேவையில்லை. ஆனால் கப்பல் பினாங்கைத் தொட்டால் அது மலேசியா, வீசா வேண்டும். கையில் இல்லாவிட்டால் சிங்கப்பூரிலேயே கப்பலில் ஏற்ற மறுக்கலாம். திரும்பி வந்து இறங்குவதும் சிங்கப்பூருக்குள் புதிய நுழைவுதான். அதற்கான வருகை அட்டையை இணையத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். அது இலவசம்; காசு கேட்கும் தளம் அரசாங்கத்தினுடையது அல்ல.